கடைசி ஆறு பத்திகள்

பத்திரிகைக்காரனுக்கு இரண்டு வியாதிகள் உண்டு. பார்த்ததையெல்லாம் குறித்துக்கொள்வது ஒன்று. குறித்ததையெல்லாம் செய்தியாக எழுதுவது இன்னொன்று. முதல் வியாதியோடு குடும்பம் நடத்தலாம். இரண்டாவதால் நான் என் மகளின் ஒன்பதாம் வகுப்பை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போனேன். அப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று. அறியாத வயது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

காரைக்காலில் ஒரு நாளிதழின் நிருபராக இருக்கிறேன். செய்தியின் தலையில் 'நமது நிருபர்' என்று போடுவார்களே, அது நான்தான். ஊருக்கு ஒருவர் என்பதால் பெயர் போடாவிட்டாலும் ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரியும். (இந்தப் புகழ் பிற்பாடு எனக்கு எதிராகவே வேலை செய்தது.) மனைவி சுமதி மின்துறை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மகள் கயல்விழி எட்டாம் வகுப்பு வரை டவுனில் ஒரு தனியார் பள்ளியில் படித்தாள்.

அந்தப் பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஐம்பத்து நான்கு பேர். ஆண்டு இறுதியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆசிரியை பட்டியலை மேலும் கீழும் புரட்டினார். பிறகு கயல்விழியை நிமிர்ந்து பார்த்து, "நீ எந்த செக்‌ஷன்மா?" என்று கேட்டார். அவர்தான் அவளுடைய வகுப்பாசிரியை.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவங்களுக்கு நான் மூணாவது பெஞ்சுப்பா. பேரெல்லாம் தெரியாது" என்றாள், பஸ் நேரம் சொல்கிற மாதிரி. இரவுச் சாப்பாட்டின்போது சுமதி வேறு பள்ளி பார்க்கச் சொல்லிவிட்டாள். மற்ற தனியார் பள்ளிகளிலும் இதே ஐம்பது, இதே மூன்றாவது பெஞ்சு. அரசுப் பள்ளிகளும் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன, அவற்றைப் போய்ப் பார்த்தால் என்ன என்பது அவள் வாதம்.

எங்கள் ஊரில் அரசு வேலை வேண்டும். அரசுச் செலவில் மேல்படிப்பு வேண்டும். அரசு மாப்பிள்ளை வேண்டும். அரசுப் பள்ளி மட்டும் யாருக்கும் வேண்டாம். விசாரிக்கப் போன இடத்தில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் தம் பள்ளியைப் பற்றி அரைமணி நேரம் பெருமையாகப் பேசினார். உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறான் என்று கேட்டேன். ஒரு தனியார் பள்ளியின் பெயரைச் சொல்லி, "அது வீட்ல எடுத்த முடிவு சார்" என்றார்.

இவர்களுக்கெல்லாம் தலைவன் என் மைத்துனன் செந்தில். சுமதியின் தம்பி. சுரக்குடியில் நெல் விவசாயம். அவன் மகன் காலை ஏழு மணிக்கே தனியார் பள்ளி வேனில் ஏறி, தூக்கத்தோடு டவுனுக்கு வருகிறவன். "மாமா, கவர்மென்ட் ஸ்கூலு பேப்பர்ல எழுதுறதுக்கு நல்லா இருக்கும். புள்ளயச் சேக்குறதுக்கா?" என்றான். மாமனார் வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். அவனை வாயடைக்க வைக்காமல் கயல்விழியை எங்கும் சேர்க்க முடியாது.

நான் குறிப்பேட்டை எடுத்தேன்.

மூன்று பள்ளிகளைப் பட்டியலிட்டேன். டவுனில் ஒன்று, அங்கே கூட்டம் தனியார் பள்ளிக்குக் குறைவில்லை. அம்பகரத்தூர் பக்கம் ஒன்று. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸிலேயே பாதிப் படிப்பு முடிந்துவிடும். மூன்றாவது, கோட்டுச்சேரியைத் தாண்டி உள்ளே பிரியும் சாலையில் ஓர் உயர்நிலைப் பள்ளி. அந்தச் சாலையில் தினமும் போகிறவர்களிடம் கேட்டேன். "அது இன்னும் நடக்குதா?" என்றார்கள். (ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒருமுறை சொன்னதன் பலனைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

இப்படி யாருமே பொருட்படுத்தாத பள்ளியைப் பார்த்தால் நிருபனுக்குக் கை அரிக்கும். உள்ளே போய்க் கேட்டால் நல்லதை மட்டுமே சொல்வார்கள், உண்மை வெளியே இருந்து பார்த்தால்தான் தெரியும் என்று முடிவு செய்தேன். எதிரே இருந்த டீக்கடையில் மூன்று காலைகள் உட்கார்ந்தேன். 8.40: முதல் ஆசிரியை வருகை. 8.52: மணி. 9.05: சுற்றுச்சுவர் இடிந்த இடம் வழியாக ஆடுகள் நான்கு நுழைவு. 9.11: தலைமையாசிரியை கையில் பிரம்புடன் வெளியே வருகை. 9.20: ஆடுகள் வெற்றி. இப்படி ஒன்பது பக்கம்.

மூன்றாம் நாள் டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரை மேசையில் வைத்தார். போகாமல் அங்கேயே நின்றார்.

"மூணு நாளா பாக்குறேன். பள்ளிக்கூடத்தையே பாத்துக்கிட்டு எழுதுறீங்க. யாருங்க நீங்க?"

பத்திரிகை என்றேன். அவர் நம்பவில்லை. நிலம் அளக்க வந்தவன் என்று நினைத்திருந்தாராம். அதற்கு மேலும் ஏதாவது நினைப்பதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

நாலாம் நாள் சுமதி அலுவலகத்தில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, கயல்விழியைக் கூட்டிக்கொண்டு நேராக வாசல் வழியாக உள்ளே நுழைந்தாள். நான் பின்னால் போனேன். ஒன்பது பக்கத்தில் நான் கண்டுபிடித்ததையும் கண்டுபிடிக்காததையும் தலைமையாசிரியை பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். ஒன்பதாம் வகுப்பில் பத்தொன்பது பேர். எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறார்கள். ஆய்வகத்தில் நுண்ணோக்கியை ஒவ்வொரு பிள்ளையும் தொட்டுப் பார்க்கலாம். நூலக அலமாரியின் சாவி அவரிடம் இருக்கிறது, கேட்டால் தருவார்.

கேட்காததையும் சொன்னார். "பொம்பளப் புள்ள, அதனால முன்னாடியே சொல்லிடுறேன். டாய்லெட்ல ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லங்க. ரெண்டு வருஷமா எழுதிப் போட்டுக்கிட்டிருக்கேன். சுவரும் அப்படித்தான், ஆடு வருது."

குறைகளைத் தாமாகச் சொன்ன முதல் பள்ளி அதுதான். சுமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டாலே சொல்லியிருப்பாங்க போல" என்றாள்.

கிளம்பும்போது தாழ்வாரத்தில் கணக்கு ஆசிரியை எதிரில் வந்தார். கயல்விழியிடம் பெயர் கேட்டார், எந்த வகுப்பு என்று கேட்டார், போய்விட்டார். நாங்கள் வண்டியை எடுக்கும்போது மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "கயல்விழி, சேரும்போது காம்பஸ் பாக்ஸ் எடுத்துட்டு வா. இங்க முதல்ல வரையிறதுதான்."

கோட்டுச்சேரி கடைத்தெருவைத் தாண்டினோம். கயல்விழி பின்சீட்டிலிருந்து சொன்னாள்: "அப்பா, அவங்க என் பேரச் சொன்னாங்க."

முடிவாகிவிட்டது. வியாழக்கிழமை சேர்க்கை. சுமதி புதன்கிழமை காலையிலேயே பழைய பள்ளிக்குப் போய் மாற்றுச் சான்றிதழை வாங்கிவிட்டாள். வாங்கினால் திரும்ப இடம் கிடையாது என்று அங்கே தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தார்கள். செந்தில்தான் பாக்கி. "அவன் வாயால பேசினா ஜெயிச்சிடுவான். எழுத்துல குடுங்க" என்றாள் சுமதி. என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு பொருத்தமான வேலையை ஒப்படைத்ததில்லை.

எழுதிய இடத்தில்தான் பிசகினேன்.

எங்கள் பத்திரிகையில் நிருபர்கள் செல்போனில் இருக்கும் ஒரு செயலியில்தான் செய்தியைத் தட்டச்சு செய்வோம். அடித்ததெல்லாம் உடனுக்குடன் ஒரு பொதுப் பெட்டியில் சேர்ந்துவிடும். தஞ்சாவூரில் இருக்கும் துணையாசிரியர்கள் அதிலிருந்து எடுத்துப் பக்கம் கட்டுவார்கள். பல வருடமாக என் விரல்களுக்குத் தமிழ் எழுத வேறு இடம் தெரியாது. எனவே மைத்துனனுக்கான கடிதத்தையும் அதிலேயே அடித்தேன். எழுதி முடித்து, நகல் எடுத்து, சுமதிக்கு அனுப்பிவிட்டு அழிப்பது திட்டம். பழக்கத்தில் தலையில் 'காரைக்கால்' என்று ஊர் போட்டேன். தலைப்பு கேட்டது, 'பள்ளி' என்று போட்டேன்.

இன்னொரு பிழையும் செய்தேன். செய்தித் தொழிலில் முக்கியமானதைத் தலையில் வைக்க வேண்டும். போகப் போக முக்கியம் குறைய வேண்டும். இடம் போதாவிட்டால் துணையாசிரியர் வாலிலிருந்து வெட்டுவார். யோசிக்க மாட்டார், யோசிக்கவும் நேரமில்லை. இதை நான் பல பயிற்சி நிருபர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இது செந்திலுக்கு. அவன் சொல்லப்போகிற குறைகளை நாமே முதலில் சொல்லிவிட்டால் அவன் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று கணக்குப் போட்டேன். எனவே முதல் நான்கு பத்திகளில் தாழ்ப்பாள், ஆடுகள், இடிந்த சுவர், பூட்டிய நூலகம். அடுத்த ஆறு பத்திகளில் பத்தொன்பது பேர், நுண்ணோக்கி, கணக்கு ஆசிரியை, பெயர் சொல்லிக் கூப்பிட்டது. கடைசி வரி: 'எனவே கயலை இங்கேயே சேர்ப்பதென முடிவு செய்யப்பட்டது.'

முற்றுப்புள்ளி வைத்தபோது மீன்பிடித் துறைமுகத்தில் மறியல் என்று அழைப்பு வந்தது. அப்படியே எழுந்து ஓடினேன். திரும்பி வந்து மறியல் செய்தியை அடித்து அனுப்பினேன். கடிதத்தை மறந்தே போனேன்.

வியாழக்கிழமை காலை செந்திலின் போன்தான் என்னை எழுப்பியது. குரலில் அப்படி ஒரு மரியாதை.

"மாமா, எழுதிட்டீங்களே மாமா. நான் சொன்னா கேக்க மாட்டீங்க, நீங்களே போட்டுட்டீங்க."

எட்டாம் பக்கம். கால் பக்கம். 'கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. வளாகத்துக்குள் ஆடுகள்: அரசுப் பள்ளி மாணவிகள் அவதி.' அவதி என்ற சொல் என்னுடையது அல்ல. நான்கு பத்தி அப்படியே இருந்தது. ஆறு பத்தி இல்லை. அந்த இடத்தில் ஒரு புது வரி: 'உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சமூக ஆர்வலர்கள் கோரிக்கை விடுத்துள்ளனர்.' (அந்தச் சமூக ஆர்வலர்கள் நானும் ஒரு கிளாஸ் டீயும்தான்.) தலையில் 'நமது நிருபர்'. பத்து நிமிடத்தில் செந்தில் அதைப் படமெடுத்து, சிவப்பில் வட்டம் போட்டு, குடும்பக் குழுவில் போட்டிருந்தான்.

தஞ்சாவூருக்கு போன் போட்டேன். பக்கம் கட்டிய துணையாசிரியர் நல்ல மனிதர். ஒரு விளம்பரம் கடைசி நேரத்தில் விலகி, பக்கத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. பொதுப் பெட்டியில் 'பள்ளி' கிடைத்திருக்கிறது.

"நல்ல ஐட்டம் சார். எடிட்டரே பாராட்டினார்."

"கடைசி ஆறு பத்தி எங்கங்க?"

"அதுல கயல்னு யாரோ வந்தாங்க. யாருன்னு தெரியல. செய்திக்குச் சம்பந்தம் இல்லாம இருந்துச்சு, வெட்டிட்டேன்."

போனை வைத்தேன். சுமதி பேப்பரை மடித்து மேசையில் வைத்திருந்தாள். கத்தவில்லை. மாற்றுச் சான்றிதழை உறையிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்து, திரும்ப உறைக்குள் போட்டாள்.

"நம்பிச் சொன்னாங்கல்ல அந்தம்மா, தாழ்ப்பாள்னு. அதத்தான் தலைப்பா போட்டிருக்கீங்க."

தலைப்பு நான் போட்டதில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் பார்வையில் அந்த வாக்கியமும் வாலிலிருந்து வெட்டுப்பட்டது. கயல்விழி புது காம்பஸ் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டி நின்றிருந்தாள். "போலாமா, வேணாமா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அவளுக்கு வேறு பள்ளியே இல்லை.

பள்ளிக்குப் போனோம். வாசலிலேயே சுத்தியல் சத்தம் கேட்டது.

தலைமையாசிரியை மேசையில் எட்டாம் பக்கம் விரிந்து கிடந்தது. எங்களை உட்காரச் சொன்னார். கயல்விழியைப் பார்த்து, "வாம்மா கயல்விழி" என்றார். பேப்பரை என் பக்கம் திருப்பி வைத்தார். பின்பக்கம் டக், டக் என்று அடித்தார்கள்.

"ரெண்டு வருஷமா நான் எழுதினதுக்கு வராத தாழ்ப்பாள், நீங்க எழுதினதுக்கு எட்டு மணிக்கே வந்துருச்சு" என்றார். டக். "மேலேருந்து அஞ்சு போன். வெளில எப்படிப் போச்சுன்னு விளக்கம் எழுதிக் குடுக்கணுமாம்." டக், டக். "அதுகூடப் பரவால்ல சார். இன்னைக்கு ஒன்பதாம் வகுப்புல சேர வேண்டிய மூணு புள்ளைங்க வீட்லேருந்து வரலன்னு சொல்லிட்டாங்க. இப்படியே எண்ணிக்கை கொறஞ்சா பக்கத்துப் பள்ளிக்கூடத்தோட சேத்துருவாங்க. உங்க பொண்ணச் சேக்குறதுக்கு எனக்குத் தடை இல்ல. அடுத்த வருஷம் அவ படிக்கப் பள்ளிக்கூடம் இருக்கணும்ல?"

இத்தனை வருடத் தொழிலில் எத்தனையோ அதிகாரிகள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். யாரும் இவ்வளவு பணிவாகத் திட்டியதில்லை. நான் முழுவதையும் எழுதியிருந்தேன், வெட்டிவிட்டார்கள் என்றேன். உலகத்தில் எல்லா நிருபர்களும் சொல்வது இதுதான். அவர் முகத்தில் அது தெரிந்தது.

"இருக்குங்க. போன்ல இருக்கு" என்றேன்.

"படிங்க."

"நீங்களே பாத்துக்கலாம்…"

"கண்ணாடி எடுத்துட்டு வரல. படிங்க." கண்ணாடி அவர் தலையில்தான் இருந்தது. நான் சுட்டிக்காட்டவில்லை.

அதற்குள் கணக்கு ஆசிரியையும் இன்னும் இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். என் சொந்த எழுத்தை, மைத்துனனை மடக்குவதற்காக எழுதியதை, ஆசிரியர் குழுவின் முன்னால் உரக்கப் படித்தேன். ஒவ்வொரு வாக்கிய முடிவிலும் சுத்தியல். 'தலைமையாசிரியை கண்டிப்பானவர், ஆனால் ஆடுகளிடம் மட்டும் தோற்றுப்போகிறார்' என்ற வரி வந்தபோதுதான் அப்படியொன்று எழுதியது நினைவுக்கு வந்தது. நிறுத்த முடியவில்லை, படித்துவிட்டேன். வாசலில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். தலைமையாசிரியை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பத்தியில் கணக்கு ஆசிரியை ஜன்னலிலிருந்து கூப்பிட்டதும், வண்டியின் பின்சீட்டில் கயல்விழி சொன்னதும் இருந்தன. படிக்கும்போது கயல்விழி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்தபோது சுத்தியலும் நின்றிருந்தது. தாழ்ப்பாள் மாட்டியாகிவிட்டது.

தலைமையாசிரியை கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு சேர்க்கைப் படிவத்தை எடுத்தார். 'கயல்விழி' என்று தாமே எழுதினார். பிறகு என்னிடம், சனிக்கிழமை ஆசிரியர்கள் வீடு வீடாகச் சேர்க்கைக்குப் போகிறார்கள், நீங்களும் வாருங்கள், அந்த மூன்று வீட்டிலும் இந்த ஆறு பத்தியை இதே மாதிரி படியுங்கள் என்றார். அது வேண்டுகோள் போலத்தான் இருந்தது.

போனேன். 'நம்ம ஊர்ப் பள்ளி நமக்கே' என்று எழுதிய அட்டையை என் கையில் கொடுத்தார்கள். மாணவர்கள் முன்னால், நான் பின்னால், எங்களுக்கும் பின்னால் நான்கு ஆடுகள். சனிக்கிழமை என்பதால் திருநள்ளாறு போகிற வேன் ஒன்று வழி தவறி உள்ளே வந்துவிட்டது. கோயிலுக்கு எப்படிப் போவது என்று ஓட்டுநர் கேட்டார். அட்டையாலேயே திசை காட்டினேன். (செந்தில் இதைக் கேள்விப்பட்டு, "மாமாவுக்கு மட்டும் சனி நடந்தே வந்துருச்சு" என்றான்.)

முதல் வீட்டில் ஒரு பெண்மணி கதவைத் திறந்தார். என்னை மேலிருந்து கீழ் பார்த்தார்.

"தாழ்ப்பாள் எழுதுனது நீங்கதானா?"

"ஆமாங்க."

"உங்க பொண்ண எங்க சேத்திருக்கீங்க?"

"இங்கேயேதாங்க. முந்தாநாளு."

"அப்பறம் எதுக்கு அப்படி எழுதுனீங்க?" என்றார். நான் போனை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாம் பத்தியிலேயே, போதும், திங்கட்கிழமை பிள்ளையை அனுப்புகிறேன் என்று கையைக் காட்டிவிட்டார். என் எழுத்தைச் சகிக்காமல் எடுத்த முடிவு என்றே நினைக்கிறேன். இரண்டாவது வீட்டிலும் ஒத்துக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளை இப்போதும் ஏழு மணி வேனில் டவுனுக்குப் போகிறது. சாலையில் அந்த வேனைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

தாழ்ப்பாள் பொருத்தப்பட்டது, பள்ளியில் இன்னும் இந்தச் சிறப்புகள் உள்ளன என்று மறுவாரம் விரிவாக ஒரு செய்தி அனுப்பினேன். 'தாழ்ப்பாள் பொருத்தப்பட்டது' வரை வந்தது. மீதியை வாலிலிருந்து வெட்டிவிட்டார்கள்.

இப்போது கயல்விழி பத்தாம் வகுப்பு. சுவர் கட்டியாகிவிட்டது; ஆடுகள் வாசல் வழியாக வருகின்றன. அந்தப் பள்ளியில் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் பெயர் தெரியும். வீட்டில் சுமதி எந்தச் செய்தி சொன்னாலும் நல்லதை முதலில் சொல்கிறாள். வெட்டுப்பட்டால் கெட்டது போகட்டுமாம். செந்திலின் இரண்டாவது பிள்ளை, மகள், அவளுக்கு அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்பு. போன வாரம் பேச்சோடு பேச்சாக, அந்தக் கணக்கு டீச்சர் மாற்றலாகிவிட்டாரா, இருக்கிறாரா என்று கேட்டான். எழுத்தில் தரட்டுமா என்றேன். உடனே வேண்டாம் என்றான்.

நேற்று மாலை வீட்டு போன் அடித்தது. எடுத்தேன். கயல்விழியின் வகுப்புத் தோழி ஒருத்தி. ரொம்ப மரியாதையான குரல்.

"தாழ்ப்பாள் அப்பாங்களா? கயல்விழி இருக்காளா?"

இருக்கிறாள் என்று சொல்லி, அவளைக் கூப்பிட்டேன்.